பணம் கைமாறியது ஆசியாவில், வழக்கு அமெரிக்காவின் சான் டியேகோவில்: எப்படி?

செம்பவாங்வாசி:
லஞ்ச வழக்கில் சிக்கிய லியனார்ட் பிரான்சிஸ் மலேசியர், கப்பல்களுக்குச் சேவை செய்யும் அவர் கம்பெனி சிங்கப்பூரில். அமெரிக்கக் கடற்படை அதிகாரிகளுக்கு விருந்து வைத்ததும் பணம் கொடுத்ததும் பெரும்பாலும் நம்ம வட்டாரத் துறைமுகங்களில். பிறகு சான் டியேகோவில் வழக்குப் போட்டது எந்தக் கணக்கில்? வசதியான ஊராகப் பார்த்துப் போடலாம் என்றால் விசாரணையை எப்படி நம்புவது?

கோப்புக்கட்டு:
இஷ்டத்துக்குப் போட முடியாதுங்க. அங்கே கூட்டரசு நீதிமன்ற மாவட்டங்கள் 94. குற்றம் நடந்த மாவட்டத்து ஜூரிதான் விசாரிக்கணும் என்பது அரசியல் சட்டத்தின் 6ஆம் திருத்தம். குற்றம் பல மாவட்டங்களில் பரவியிருந்தால் அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 3237ஆம் பிரிவு: தொடங்கிய, தொடர்ந்த, முடிந்த எந்த இடத்திலும் வழக்குப் போடலாம். அரசுத் தரப்புக்கு இடம் தேர்ந்தெடுக்க வசதி கிடைப்பது இங்கேதான்.

வெளிநாட்டில் நடந்ததற்கு 3238: முதலில் கைதான அல்லது முதலில் கொண்டுவந்து இறக்கிய மாவட்டம். கூட்டாளிகளில் ஒருவர் அங்கே பிடிபட்டாலே போதும். பிரான்சிஸை 2013 செப்டம்பரில் சான் டியேகோவுக்கு வரவழைத்து, ஹோட்டலில் வைத்துப் பிடித்தார்கள்.

தேக்கா_டீ:
இடம் தப்பினால் வழக்கே கவிழும். ஐபேட் பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சர்வரிலிருந்து எடுத்த வழக்கு ஞாபகம் இருக்கா? ஆள் ஆர்கன்சாவில், சர்வர்கள் டெக்சஸிலும் ஜார்ஜியாவிலும். வழக்கு மட்டும் நியூ ஜெர்சியில். 2014இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்து. ஆனால் அது விடுதலை ஆகாது. சரியான இடத்தில் மறுபடி விசாரிக்கலாம் என்று 2023இல் வேறொரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று, ஆட்சேபத்தை விசாரணை தொடங்கும் முன்பே எழுப்பணும். சும்மா இருந்தால் உரிமை போச்சு.

நம்பிக்கை விஷயம் வேற. பிரான்சிஸ் வழக்கில் அதைக் கெடுத்தது ஊர் இல்லை, ஆட்கள். கடற்படைப் புலனாய்வாளர் ஒருவரே கணினியிலிருந்து விசாரணை அறிக்கைகளை எடுத்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2016இல் 12 ஆண்டு சிறை. கசிவு தெரிந்ததும் ‘விசாரணை முடிந்தது’ என்று பொய்க் குறிப்பை அதே கணினியில் போட்டுத்தான் பிரான்சிஸை ஏமாற்றினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 2022இல் ஜூரி குற்றவாளி என்ற நாலு அதிகாரிகளின் கடுங்குற்றத் தீர்ப்புகள், அரசு வழக்கறிஞர்களின் முறைகேட்டால் 2023இல் ரத்தாயின. சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 100 டாலர் அபராதம், அவ்வளவுதான்.

செம்பவாங்வாசி:
நம்ம சிங்கப்பூரில் இந்தச் சிக்கலே வராதா?

கோப்புக்கட்டு:
மாவட்டச் சண்டை வராது. நாடே ஒரே ஊர், ஜூரியையும் 1969இல் எடுத்தாச்சு. குடிமக்கள் வெளிநாட்டில் லஞ்சம் வாங்கினாலும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இங்கேயே பிடிக்கும். நம்பிக்கைக் கேள்வி வேறு வடிவில் வரும்: லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிரதமரின் கீழ் இருக்கிறதே, அவர் தடுத்தால்? அதற்குத்தான் நம்ம அரசியல் சட்டத்தின் 22ஜி விதி. பிரதமர் மறுத்தாலும் அதிபர் ஒப்புக்கொண்டால் இயக்குநர் விசாரணையைத் தொடரலாம்.