நைஜீரியத் தட்டைப்பயறில் பி.டி. மரபணு: தேவையா, திணிப்பா?

ஏர்முனை:
2019 ஜனவரியில் நைஜீரியா பி.டி. தட்டைப்பயறுக்கு, அதாவது புழுவைக் கொல்லும் பாக்டீரியா மரபணு ஏற்றிய பயறுக்கு, அனுமதி கொடுத்தது. ரகத்தின் பெயர் சாம்பீ 20-டி. காய்ப்புழுவுக்கு இதை விட்டால் வழியில்லை என்கிறார்கள். தட்டைப்பயறு பிறந்த மண்ணே ஆப்பிரிக்கா. நைஜீரியாவின் இபாதானில் உள்ள ஐ.ஐ.டி.ஏ. என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனத்தின் விதை வங்கியில் மட்டும் 15,000 வகைகளுக்கு மேல் கிடக்கின்றன. பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் சுடுமல்லிக் களைக்கு எதிர்ப்பு போட்ஸ்வானாவின் நாட்டு வகையான பி301-இல் கிடைத்ததே. புழுவுக்கு மட்டும் ஏன் பாக்டீரியா மரபணு?

விதைக்கோட்டை:
தேடாமலா இருந்தார்கள்? பல்லாண்டு சலித்தும் பயிர் வகைகளுக்குள் உருப்படியான எதிர்ப்பு சிக்கவில்லை. காட்டு உறவான விக்னா வெக்சில்லாட்டாவில் உண்டு. அதைத் தட்டைப்பயறோடு கலந்தால் கரு சில நாட்களிலேயே சிதைந்துவிடுகிறது. பி301 அதே இனம், சாதாரணக் கலப்பிலேயே எதிர்ப்பு ஏறியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஏர்முனை:
வைப்பேன். அந்த பி301-ஐயும் தாண்டும் சுடுமல்லி, தெற்கு பெனினின் ஜக்போத்தாவில் இருக்கிறது. பி.டி. பயறு உண்டாக்கும் க்ரை1ஏபி என்ற ஒற்றை நச்சுப் புரதத்தை ஆண்டுதோறும் ஊட்டினால் புழுவும் தாண்டும். விதையைச் சேமித்து அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஊர்களில், எதிர்ப்பில்லாத புழுக்கள் பிழைக்க, பி.டி. இல்லாத வரிசையைப் புகலிடமாக யார் விடுவார்கள்?

விதைக்கோட்டை:
நியாயமான கேள்வி. அதனால்தான் க்ரை2ஏபி என்ற இரண்டாவது மரபணுவையும் சேர்த்து அடுக்கும் வேலை நடக்கிறது. ஆனால் புகலிடம் வயலில் மட்டும் இல்லை. இந்தப் புழுவின் அந்துப்பூச்சி வறட்சிக் காலத்தில் தெற்கே காட்டுப் பயறுச் செடிகளில் தங்கி, மழையோடு வடக்கே ஏறுகிறது. அந்தச் செடிகளில் நஞ்சு கிடையாது. அங்கே வளர்ந்த பூச்சிகள் வந்து கலப்பதால் எதிர்ப்பு மெதுவாகத்தான் பரவும்.

அகராவடை:
இரண்டு பேரும் புழுவை விட்டு வெளியே வரவில்லை. நைஜீரியச் சந்தையில் விலை போவது பருத்த, சொரசொரத் தோல் பயறு. ஊறவைத்தால் தோல் சட்டென உரியும், அகரா என்ற பயறு வடை மாவுக்கு அதுதான் வேண்டும். ஒரே ஒரு ரகத்தில் மரபணு இருந்து என்ன பயன்? ஊர் ரகங்களில் ஏற்ற வேண்டும், அதற்குப் பின்கலப்பு, அதாவது கலப்பில் பிறந்த செடியைத் திரும்பத் திரும்ப ஊர் ரகத்தோடே கலப்பது.

ஊர் ரகம் தாய், பி.டி. ரகம் தந்தை. மறுநாள் விரியும் மொட்டை மாலையில் பிடிக்க வேண்டும். மகரந்தப்பைகள் இரவிலேயே வெடித்துவிடும், காலையில் தொடங்கினால் தன்கலப்பு முடிந்திருக்கும். மகரந்தப்பைகளை மூடியிருக்கும் படகிதழைக் கிழித்துப் பத்து மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுங்கள். சூல்முடி கீறினால் பூ உதிரும். காலையில், பூக்கள் மூடும் முன், தந்தையின் புதுப்பூவைக் கொண்டு தடவுங்கள். அதே காம்பின் மற்ற மொட்டுகளைக் கிள்ளாவிட்டால் அவை சத்தை இழுத்துக்கொள்ளும், கலப்புக் காய் விழும். இரவு வெக்கை அதிகமானால் மகரந்தமே மலடு, அந்தப் பருவத்தில் கலக்கப் போகாதீர்கள்.

முதல் பின்கலப்பிலிருந்து பாதிச் செடிகளில்தான் மரபணு இருக்கும். இலைத் துண்டை நசுக்கி, பி.டி. புரதம் இருந்தால் கோடு காட்டும் சோதனைப் பட்டை வைத்து, இல்லாதவற்றைப் பிடுங்கிவிடலாம். மூன்று பின்கலப்பில் ஊர் ரகத்தின் தன்மை சராசரியாக 93.75 விழுக்காடு திரும்பும். கடைசியில் தன்கலப்பு செய்யும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள செடியும் பட்டையில் கோடு காட்டும், ஆனால் அதன் பிள்ளைகள் சிலவற்றில் மரபணு இருக்காது. ஒவ்வொரு செடியின் விதையையும் தனி வரிசையாக விதைத்து, எல்லாச் செடியிலும் கோடு வரும் வரிசையை மட்டும் வையுங்கள்.

ஏர்முனை:
இது உழைப்புள்ள யோசனை. ஆனால் பி.டி. அசுவினியையும் பூ இலைப்பேனையும் காய் உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியையும் தொடாது. தெளிக்கவே வேண்டாம் என்று நினைத்தவர் காயைச் சுருங்கலாகத்தான் பறிப்பார். அதற்குப் பதில் பெனினில் விட்ட தெரோஃபிலஸ் ஜவானஸ் ஒட்டுண்ணிக் குளவிக்குக் காசு ஒதுக்கலாமே. அது காட்டுச் செடியிலுள்ள புழுவையும் தேடிப் போகும்.

விதைக்கோட்டை:
குளவி வேண்டாம் என்று யார் சொன்னது? பி.டி.யிலும் இரண்டு தெளிப்பு தேவை, பூ மொட்டு விடும்போது இலைப்பேனுக்கு, காய் பிடித்ததும் நாவாய்ப்பூச்சிக்கு. சாதா ரகத்தில் ஆறு, எட்டு என்று போகும், அதுவும் பூவுக்குள் ஒளிந்த புழு மேல் மருந்து படாது. விதைப் பையிலேயே இதை வடக்கு நைஜீரியா பேசும் ஹவுசா மொழியில் அச்சடிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அகராவடை:
கால்நடைக்காரரை இருவரும் மறந்தீர்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட சாஹேலில் கொடி வைக்கோலும் காசு. படரும் ஊர் ரகத்தைத் தாயாக எடுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.