கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீட்டில் தங்கியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ஜனவரியில் அம்மாவை (வயது 71) கூட்டிக்கொண்டு இரண்டு இரவு கானாடுகாத்தானில் தங்கலாம் என்று இருக்கிறேன். சின்ன வயதில் அங்கே முற்றம் வைத்த ஒரு வளவு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதையும், முற்றத்தில் மழை கொட்டியதைப் பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய திண்ணை மாதிரி மேடை) உட்கார்ந்து பார்த்ததையும் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டே இருப்பார், அதனால் சாதாரண லாட்ஜ் வேண்டாம், விடுதியாக மாற்றிய பழைய வீடுதான் வேண்டும்.

சிக்கல் அம்மாவின் முழங்கால். அந்த வீடுகளில் நிலைப்படி உயரம், மாடிப்படியும் செங்குத்து. போன வருடம் வேறு ஊரில் இதே மாதிரி ஒரு பாரம்பரிய விடுதியில் கீழ் அறை என்று சொல்லிவிட்டு, போய் நின்றதும் மாடி அறையைத்தான் கொடுத்தார்கள், அம்மா இரண்டு நாளும் வெளியே வரவே இல்லை. இந்த முறை அப்படி ஆகவே கூடாது.

கீழ்த்தளத்திலேயே அறை, மேற்கத்தியக் கழிப்பறை, வழுக்காத குளியலறைத் தரை, இதெல்லாம் இருக்கிற இடம் தெரியுமா? தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்குமா? அப்புறம் சாப்பாடு: அம்மா சைவம், காரம் குறைவு, முன்னாடியே சொன்னால் செய்து தருவார்களா?

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்குவோம். அங்கிருந்து ஆட்டோ சரியா, கார் சொல்லி வைக்க வேண்டுமா? பிள்ளையார்பட்டி கட்டாயம் போவோம். திருமயம் கோட்டைக்கு அம்மா ஏற முடியாது, ஆனால் கீழே இருக்கிற சத்தியமூர்த்திப் பெருமாளையாவது சேவிக்க வைக்க வேண்டும். நேரில் தங்கியவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.