பத்து வார நாய்க்குட்டியை எத்தனை மணி நேரம் கிரேட்டில் (கம்பிக் கூண்டில்) வைக்கலாம்?

மூணாவது மாடி (வேளச்சேரி):
வீட்டுக்கு லேப்ரடார் குட்டி வந்து பதினோரு நாள் ஆகிறது. வயது பத்து வாரம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள்; வாரத்தில் மூன்று நாள் இரண்டு பேருமே ஆபீஸ் போயாக வேண்டும். காலை ஒன்பதுக்குக் கதவைச் சாத்தினால் திரும்ப ஆறரை ஆகிவிடும். குட்டியைக் கொடுத்தவர், "கிரேட்ல போட்டுட்டுப் போங்க, நாலு நாள் கத்தும், அப்புறம் பழகிடும்" என்றார். ராத்திரியும் மேலே போர்வை மூடிய அதே கிரேட்டில்தான். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. மெத்தை முழுக்க ஒண்ணுக்கு, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கதவைத் திறந்தும் வெளியே வரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமியார் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. எத்தனை மணி நேரம் என்றால் தப்பில்லை?

சிப்பிப்பாறையான் (சாத்தூர் பக்கம்):
ஒரு நிமிஷம்கூட வேண்டாம். கிரேட் என்று பெயர் வைத்தால் கூண்டு கூண்டு இல்லாமல் போய்விடுமா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாய் இருக்கிறது. குட்டி திண்ணையில் தூங்கும், வெயில் ஏறினால் தொட்டியடிக்குப் போகும், சாயங்காலம் வாசலுக்கு வரும். அதற்கு எங்கே படுக்க வேண்டும் என்று அதற்கே தெரியும். தாய், கூடப்பிறந்தவை எல்லாவற்றையும் விட்டுப் பிரிந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டியை ஒன்பதரை மணி நேரம் தனியாகப் பூட்டியிருக்கிறீர்கள். மாமியார் பேசாததில் ஆச்சரியமே இல்லை.

விசில் (கோவை, நாய் பழக்குபவன்):
ஒன்பதரை மணி நேரம் தப்புதான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கிரேட்டே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால், ஒண்ணுக்கை அதிகபட்சம் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று வரும். உங்கள் குட்டிக்கு மூன்று. அது தாங்குகிற எல்லைதானே தவிர, பூட்டி வைக்க வேண்டிய நேரம் இல்லை. இந்த வயதில் பகலில் ஒரு தடவைக்கு அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. நாலு மாதம் ஆகும்போது மெதுவாக மூன்று மணி வரை ஏற்றலாம்.

எந்தக் குட்டியும் தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்த விரும்பாது. கிரேட் வேலை செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். வேறு வழியில்லாமல் மெத்தையிலேயே போக வைத்தால் அந்தக் குணம் மழுங்கிவிடும். அப்புறம் ஒரு வயதானாலும் வீட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை நடந்ததில் எனக்குப் பெரிய கவலை அதுதான்.

சிப்பிப்பாறையான்:
சார், கூட்டிப் பாருங்கள். பகல் ஒன்பதரை, ராத்திரி எட்டு. 24 மணி நேரத்தில் பதினேழரை மணி நேரம் கம்பிக்குள்.

விசில்:
ராத்திரியையும் பகலையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். குட்டிகள் நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூங்கும். ராத்திரி கிரேட் கட்டில் பக்கத்தில் இருந்தால், அதன் மூச்சு உங்களுக்குக் கேட்கும், உங்கள் வாசனை அதற்கு வரும். நடுவில் ஒரு தடவை எழுந்து வெளியே விட்டால் போதும்.

சிப்பிப்பாறையான்:
பதினெட்டு மணி நேரம் தூங்குவதும் பதினெட்டு மணி நேரம் பூட்டிக் கிடப்பதும் ஒன்றா? தூங்குகிற குட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம், சோபாவுக்குக் கீழே கொஞ்ச நேரம், அப்புறம் பாத்ரூம் வாசலில் ஈரமான தரையில் பின்னங்கால் இரண்டையும் தவளை மாதிரி விரித்து, வயிறு தரையில் பட. இடம் மாற்றி மாற்றித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். கிரேட்டுக்குள் பஞ்சு மெத்தையைப் போட்டு, மேலே ஒரு போர்வையையும் மூடுகிறீர்கள்.

பக் அம்மா (மடிப்பாக்கம்):
போர்வை விஷயத்தை வழிமொழிகிறேன். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து நானும் குகை மாதிரி மூடி வைத்தேன். மே மாதம், மத்தியானம் கரண்ட் போனது. நல்லவேளையாக நான் வீட்டில் இருந்தேன். இரண்டே நிமிஷத்தில் மூச்சிரைப்பு மாறிப்போய் நாக்கு சிவந்துவிட்டது. நாய்க்கு வேர்த்துக் குளிர்கிற உடம்பு இல்லை, மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். என் பக் இன நாய் மாதிரி சப்பை மூக்குக்காரர்களுக்கு அதுவும் கஷ்டம். சென்னையில் யாரும் வீட்டில் இல்லாதபோது பூட்டிய கிரேட் என்பது, ஐந்து நிமிஷமானாலும் எனக்குப் பயம். வைத்தே ஆக வேண்டும் என்றால் கழுத்துப் பட்டையையாவது கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

வடதுருவம் (ஸ்டாக்ஹோம்):
இங்கே ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கிரேட்டில் அடைத்து வைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. பயணம், போட்டி மாதிரி சில சமயங்களுக்கு மட்டும்தான். பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே கூட்டிப்போக வேண்டும், குட்டியை இன்னும் அடிக்கடி. கிரேட் இல்லாமலேயே இந்த ஊர் நாய்கள் ஒழுங்காகத்தான் வளர்கின்றன.

விசில்:
சரி சார், அங்கே ஆபீஸ் போகிறவர்கள் நாயை எங்கே விடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வடதுருவம்:
ஹுண்ட்டாகிஸ் என்று நாய்களுக்கான பகல் நேரக் காப்பகம் இருக்கிறது. செலவுதான், மறுக்கவில்லை.

விசில்:
அதுதான். சட்டம் மட்டும் வந்து இறங்கவில்லை, காப்பகமும் கூடவே இருக்கிறது. நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு: அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும் குற்றம், எப்போதும் கட்டிப்போட்ட நாயை நடக்க விடாமல் இருப்பதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். டீ வடைக் காசு.

கட்டிப்போடுவது என்றதும் ஞாபகம் வருகிறது. சாத்தூர் அண்ணன் வீட்டில் சங்கிலியே கிடையாதா?

சிப்பிப்பாறையான்:
இரண்டு மாதக் குட்டிக்கு யாரும் சங்கிலி போட மாட்டார்கள். வளர்ந்த பிறகு பகலில் வேப்பமரத்தடியில் கட்டுவோம். ரோட்டில் லாரி போகிறது, பக்கத்தில் கோழி வளர்க்கிறார்கள். சரி, அதுவும் அடைப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், தனியாகக் கிடக்காது. இவர் குட்டிக்குக் கம்பியைவிடத் தனிமைதான் பெரிய தண்டனை.

விசில்:
அந்தக் கடைசி வரிக்குக் கை கொடுங்கள். ஆனாலும் ஒன்று. நாளைக்கு அந்த நாய்க்கு ஆபரேஷன் என்றால் மருத்துவமனையில் கூண்டில்தான் வைப்பார்கள். ரயிலில் முதல் வகுப்பு ஏசி கூப்பே (தனி அறை) முழுதாகக் கிடைக்காவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். அதுவரை கம்பியையே பார்க்காத நாய் அங்கே நகம் பெயரும் வரை பிறாண்டும். அதற்குத்தான் சின்ன வயதிலேயே, கதவு திறந்திருக்க, சோற்றை உள்ளே வைத்துப் பழக்கு என்கிறேன். ஆபீஸ் போகிறவர்களின் வசதிக்காக அல்ல.

மூணாவது மாடி:
எல்லாருக்கும் நன்றி. திட்டியவர்களுக்கும். இந்த வாரம் செய்தது: ஹாலில் பால்கனி ஓரமாகக் கம்பித் தடுப்பு போட்டு, ஒரு மூலையில் பேப்பர், எதிர் மூலையில் கதவைக் கழற்றிய கிரேட். போர்வையை எடுத்தாயிற்று. பதினொன்றுக்கு வாட்ச்மேன் மனைவி வந்து அரை மணி இருக்கிறார், மாதம் இவ்வளவு என்று பேசியிருக்கிறோம். ஒரு மணிக்கு மாமியார் வந்தால் நாங்கள் திரும்பும்வரை இருக்கிறார். ஆபீஸ் நாள் மூன்றில் ஒன்றை நான் மாற்றிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

குட்டி கிரேட்டுக்குள் உடம்பை வைத்து, தலையை மட்டும் வெளியே டைல்ஸில் வைத்துத் தூங்குகிறது. மாமியார் பேசுகிறார், என்னிடம் இல்லை, குட்டியிடம்.

சிப்பிப்பாறையான்:
கதவைக் கழற்றிவிட்டால் அது கூண்டே இல்லை தம்பி. நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

விசில்:
கிரேட்டுக்குள் தானாகப் போய்ப் படுக்கிறது, கவனியுங்கள். நான் சொன்னதுதான்.

மூணாவது மாடி:
அது இருக்கட்டும். ராத்திரி மூன்று மணிக்கு எழுப்புகிறது. தடுப்பூசி முடியாததால் கீழே மண்ணில் விட முடியாது, பேப்பருக்குத் தூக்கிப்போவதற்குள் என் சட்டையிலேயே போய்விடுகிறது. இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?