ஸ்லாவிய மொழிகளின் ‘-நிக்’ விகுதி: ஒன்றா, இரண்டா?

கேள்வி:
ரஷ்ய மொழியில் பள்ளியைக் குறிக்கும் ‘ஷ்கோலா’விலிருந்து ‘ஷ்கோல்னிக்’ என்ற மாணவனும், தேநீரைக் குறிக்கும் ‘சாய்’ என்பதிலிருந்து ‘சாய்னிக்’ என்ற கெண்டியும் பிறக்கின்றன. ஆனால், பாவம் எனப் பொருள்படும் ‘கிரேஹ்’ பாவியைச் சுட்டும்போது ‘கிரேஷ்னிக்’ ஆவது ஏன்? மெய்யில் தொடங்கும் விகுதி, ஹகரத்தை ஷகரமாக்குவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லையே.

மறுமொழி 1:
விகுதி மெய்யில் தொடங்கவில்லை என்பதே விடை. ரஷ்யம் முதலிய ஸ்லாவிய மொழிகளுக்கு மூலமான முற்கால ஸ்லாவியத்தில், அதன் தொடக்கத்தில் இகரத்தினும் குறுகிய ஓர் உயிர் நின்றது. அத்தகைய உயிர் தொடர்ந்தால் ககரம் சகரமாகவும் ஹகரம் ஷகரமாகவும் திரியும். திரிபு நிலைத்துப் பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அந்தக் குற்றுயிர் இவ்விடத்தில் ஒலிப்பிலிருந்து மறைந்துவிட்டது. அது செய்துவிட்டுப் போன வேலை மட்டும் எஞ்சியிருக்கிறது. பள்ளியில் ஐந்துக்கு இரண்டு என்ற தோல்வி மதிப்பெண் ‘துவோய்க்கா’. அதை அடிக்கடி வாங்குபவன் ‘துவோயெச்னிக்’. இங்கும் ககரம் சகரமானதைப் பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் தலைப்பில் உள்ள கேள்விக்கும் விடை வேண்டும். தொடக்கத்தில் இவை இரண்டு விகுதிகள். பெயரிலிருந்து பெயரடையை ஆக்கும் னகர விகுதி ஒன்று, அப்பெயரடையிலிருந்து ஆளையோ பொருளையோ ஆக்கும் ‘-இக்’ மற்றொன்று. ‘கிரேஹ்’ முதலில் ‘கிரேஷ்னி’, அதாவது பாவமுள்ள, என்றாகி அதன்பின்தான் ‘கிரேஷ்னிக்’ ஆனது. பேசுவோர் நடுப்படியை மறந்து பெயரையும் பெயரையுமே ஒப்பிட்டதால், எல்லைக்கோடு இடம்பெயர்ந்து ‘-நிக்’ தனி விகுதியாயிற்று. ஹங்கேரிய மொழியின் ‘-நோக்’ விகுதிகூட ஸ்லாவியரிடம் கடன் பெற்றதுதான்.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை: சீடன் எனப் பொருள்படும் ‘உசெனிக்’ என்பதை இப்பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அதிலுள்ள னகரம் ‘கற்பிக்கப்பட்ட’ என்னும் செயப்பாட்டு எச்சத்திற்குரியது. விகுதி வெறும் ‘-இக்’தான். மாறாக, ‘ஸ்புத்னிக்’ என்பதைப் பிரித்தால் ‘உடன்’, ‘வழி’, ‘-நிக்’ எனக் கிடைக்கும். 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட செயற்கைக்கோளுக்கு வெகுகாலம் முன்பே அது வழித்துணைவனைக் குறித்த சொல். மறு ஆண்டே அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர், மரபை மீறி வாழ்ந்த ‘பீட்’ தலைமுறை இளைஞரைக் குறிக்க இவ்விகுதியைச் சேர்த்து ‘பீட்னிக்’ என்று எழுதினார். ஆனால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசிய குடியேறிகள் வாயிலாக, விகுதி அதற்கு முன்பே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.