ஈஜிஎஃப்ஆர், யுரீமிய நச்சுகள்: முன்மொழிந்த இரு சொற்கள் குறித்து

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீரகம் குருதியை வடிக்கும் வேகத்தின் மதிப்பீடாகிய ஈஜிஎஃப்ஆருக்குச் 'சிறுநீரகச் செயல்திறன் விழுக்காடு' என்றும், நாட்பட்ட சிறுநீரக நோயில் குருதியில் சேர்ந்துவிடும் பொருள்களாகிய யுரீமிய நச்சுகளுக்கு 'வடியா நஞ்சு' என்றும் முன்மொழியப்பட்டுள்ள சொற்கள் சொல்வதற்கு எளியவைதாம். ஆயினும் சிறுநீரகத்தின் வேலை முழுவதையும் வடிப்பு என்னும் ஒன்றுக்குள் அடக்கிவிடும் பிழை இரண்டிலும் இருப்பதாகக் கருதுகிறேன்.

முதற்சொல்லில் 'விழுக்காடு' பொருந்தாது. அந்த எண், 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வருவது. 45 என்ற எண்ணைப் பார்த்து, 'சிறுநீரகம் ஏறத்தாழப் பாதிதான் வேலை செய்கிறது' என்று மருத்துவர் நோயாளிக்கு விளக்குவது பயனுள்ள பேச்சுவழக்கு. அதைக் கலைச்சொல்லாக்க வேண்டியதில்லை. குருதியை வடிக்கும் நுண்நாளப் பந்தைக் குறிக்கும் கலன்கோளம் என்னும் சொல் இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்குவதால், கிளாமருலஸ் என்று ஒலிபெயர்ப்பதைவிட அதையே எடுத்துக்கொண்டு 'கலன்கோள வடிப்பு வீதம்' எனலாம்.

அதன் முன்னே வரும், ஈஜிஎஃப்ஆரின் முதலெழுத்து குறிக்கும் 'எஸ்டிமேட்டட்' (மதிப்பிட்ட) என்ற அடைமொழியைத்தான் நாம் இழக்கக் கூடாது. இனுலின், அயோஹெக்சால் போன்ற பொருளை உடலில் செலுத்தி, அது வெளியேறும் வேகத்தைக் கொண்டு வடிப்பு வீதத்தை அளக்க முடியும். ஆனால் வழக்கமான ஆய்வக அறிக்கையில் வருவது அவ்வாறு அளந்த எண் அன்று. குருதியில் உள்ள கிரியாட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டுப் பெறுவது அது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், தசை மெலிந்த முதியவரின் எண் உண்மையைவிட நன்றாகவே தோன்றும். டிரைமெத்தோபிரிம் போன்ற மருந்து, சிறுநீரக நுண்குழல்கள் கிரியாட்டினினைச் சுரந்து வெளியேற்றுவதைத் தடுப்பதால், வடிப்பு சற்றும் குறையாமலேயே எண் சரியும். சூத்திரமும் ஒன்றன்று: 1999ஆம் ஆண்டின் எம்டிஆர்டி, 2009ஆம் ஆண்டின் சிகேடி-எப்பி, இனக்காரணியை நீக்கி 2021இல் வந்த அதன் புதிய வடிவம் ஆகிய மூன்றும் ஒரே குருதி மாதிரிக்கு வெவ்வேறு எண்களைத் தரக்கூடும். மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே நீடித்தால் நாட்பட்ட நோய் என்று வரையறுக்கும்போது, 58க்கும் 62க்கும் இடையிலான வேறுபாடு சூத்திரத்தால் வந்ததா, உடலால் வந்ததா என்று கேட்கத் தூண்டுவது அந்த அடைமொழிதான். 'உத்தேச' என்பது தளர்வாக இருக்கிறது. 'கணித்த' என்பது வருவதுரைத்தல் என்ற பொருளுக்கும் போய்விடுகிறது. ஆகவே 'மதிப்பிட்ட வடிப்பு வீதம்', அதற்கு இணையாக 'அளந்த வடிப்பு வீதம்' என்ற இரண்டையும் சேர்த்தே முன்வைக்கிறேன்.

இரண்டாம் சொல்லில் சிக்கல் இன்னும் ஆழமானது. யூரியா 60 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) மட்டுமே எடையுள்ள சிறு மூலக்கூறு. நோயுற்ற சிறுநீரகத்திலும், எஞ்சிய கலன்கோளங்கள் வழியே அது தடையின்றி வடிகிறது, ஆனால் போதிய அளவு வடிவதில்லை. மற்றொரு யுரீமிய நச்சான இண்டாக்சில் சல்ஃபேட்டின் கதையோ நேர்மாறானது. குடல் நுண்ணுயிரிகள் டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்தை இண்டோலாக மாற்ற, கல்லீரல் அதிலிருந்து உருவாக்கும் இப்பொருளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குருதிப் புரதமான அல்புமினோடு பிணைந்திருப்பதால், நலமான உடலிலும் அது கலன்கோளத்தில் பெரும்பாலும் வடிவதில்லை. கலன்கோளத்தை அடுத்துள்ள அண்மை நுண்குழலின் செல்கள் அதைக் குருதியிலிருந்து பற்றிச் சிறுநீருக்குள் சுரக்கின்றன. 'வடியா' என்ற அடைமொழி வடிகின்ற யூரியாவுக்குப் பொய்யாகிறது. இண்டாக்சில் சல்ஃபேட்டுக்கோ, அது ஏன் சேர்கிறது என்பதை விளக்காமல் நிற்கிறது. மதிப்பிட்ட வடிப்பு வீதம் ஒன்றாகவே உள்ள இருவரின் குருதியில் இந்த நச்சின் அளவு பெரிதும் வேறுபடக்கூடும் என்ற முதன்மையான செய்தியையும் அச்சொல் மறைத்துவிடுகிறது.

'சிறுநீரக நஞ்சு' என்ற மாற்று, ஜென்டாமைசின் என்ற மருந்தைப் போல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருளுக்கு வேண்டியிருக்கிறது. 'கழிவு நஞ்சு' என்றால், செல் பரப்பிலிருந்து உதிரும் இயல்பான புரதமாயினும் இவ்வாறே குருதியில் சேரும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அதில் இயல்பாக அடங்காது. எனவே 'தேங்குநஞ்சு' என்பதைப் பரிந்துரைக்கிறேன். எவ்வழியே வெளியேறியிருக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. தேங்கியது, தேங்குவது, தேங்கவிருப்பது மூன்றையும் வினைத்தொகை ஏற்றுக்கொள்கிறது. யூரியா சிறிய அளவில் நஞ்சே அன்று என்ற மறுப்பு எழுந்தால், தேக்கத்தையே முதலில் வைக்கும் சொல் அதற்கும் ஓரளவு விடையாகும்.

2003இல் வெளிவந்த ஐரோப்பிய வகைப்பாட்டின் மூன்று பிரிவுகளையும் இதிலிருந்து பெறலாம்: நீரில் கரையும் சிறு தேங்குநஞ்சு, இடைநிலைத் தேங்குநஞ்சு, புரதப்பிணைத் தேங்குநஞ்சு. கடைசியதற்குப் 'புரதம் பற்றிய' என்று எழுத முதலில் எண்ணினேன். அது புரதத்தைக் குறித்த கட்டுரைத் தலைப்புப் போல் ஒலித்ததால் விட்டுவிட்டேன். 'இடைநிலை' எனக்கு நிறைவளிக்கவில்லை, ஏனெனில் 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறின் அளவைக் குறிக்க வேண்டிய சொல், நோயின் இடைநிலையைக் குறிப்பதாகவும் படிக்கப்படும். அந்த ஒன்றுக்கு உங்கள் பரிந்துரைகளை எதிர்பார்க்கிறேன்.