பத்து ரூபாய்க்குள் அறிவியல் விளையாட்டுகள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் 18 பேருக்கு ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் அறிவியல் விளையாட்டு நடத்துகிறேன். எல்லாரும் ஆறு, ஏழாம் வகுப்பு. ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போனால் கையைக் கடிக்கிறது.

சென்ற மாதம் தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடி டம்ளரால் மூடினோம். சுடர் அணைந்ததும் தண்ணீர் மளமளவென்று உள்ளே ஏறியது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று, நான் படித்ததையே ஒப்பித்தேன். ஒரு சிறுமி விடவில்லை. “அப்படியென்றால் எரியும்போதே மெல்ல மெல்ல ஏறியிருக்க வேண்டுமே அக்கா?”

இரவு முழுக்க அதே யோசனை. சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம். மறுவாரம் அதே டம்ளருக்குள் இரண்டு மெழுகுவர்த்திகள் வைத்தோம். தண்ணீர் இன்னும் உயர்ந்தது. ஆக்சிஜன் கூடவில்லையே!

இதையே நெருப்பில்லாமல் காட்ட வழி உண்டா? வெந்நீரைக் கொட்டிவிட்டு உடனே மூடிய பிளாஸ்டிக் பாட்டில் நசுங்குவது தெரியும். ஆனால் அதில் நீராவியும் சேர்ந்து குழப்புகிறது.

இன்னொன்று. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928இல் ராமன் விளைவு (ஒளி சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறுவது) கண்டறியப்பட்ட நாள். அன்றைக்கு ஒளி பற்றிய விளையாட்டு வேண்டும். தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டு டார்ச் அடிப்பதும், கண்ணாடியால் வானவில் விழவைப்பதும் முடிந்துவிட்டன. நீங்களே செய்து பார்த்ததை, சொதப்பியதையும் சேர்த்து, எழுதுங்கள். மாடியில் மின் இணைப்பு கிடையாது.