மறு: டயர் ‘மைலேஜ்’ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பைக்கில் நெடுந்தூரம் போகிறவர்கள் டயர் வாங்குவது எப்படி என்று ஒரு கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். எல்லா டயரையும் மூன்று தலைப்பில் ஒப்பிடுகிறார்கள்: மைலேஜ், ஹேண்ட்லிங், விலை. விலையில் சிக்கல் இல்லை. ஹேண்ட்லிங்குக்குக் ‘கையாளுமை’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். பிடிக்கவில்லை, ஆனால் நேரமில்லை.

மைலேஜ்தான் உதைக்கிறது. நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் பொருள். ‘இந்த டயர் நல்ல மைலேஜ் தரும்’ என்று எழுதினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். எளிதாக உருளும் டயர் பெட்ரோலையும் கொஞ்சம் மிச்சப்படுத்தும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். கையேட்டுக்காரர்கள் சொல்வது, டயர் தேய்ந்து முடியும்வரை எவ்வளவு தூரம் ஓடும் என்பதை. அட்டவணைத் தலைப்பில் அடங்குகிற மாதிரி ஒரே சொல்லாகக் கிடைக்குமா?

நெல்லையான் எழுதியது:

அன்புள்ள கயல், ‘டயர்’ என்றே எழுதிக்கொண்டு அதன் மைலேஜுக்கு மட்டும் தமிழ் தேடுகிறீர்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. டகரம் மொழிமுதல் வாராது. ‘க த ந ப ம எனும் ஆவைந் தெழுத்தும்’ என்று தொடங்கும் தொல்காப்பிய நூற்பாவை இக்குழுவில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் அரசன் நல்லியக்கோடன் பரிசளிக்கும் தேருக்கு ‘ஆரஞ் சூழ்ந்த அயில்வாய் நேமி’ வருகிறது. ஆரக்கால்களைச் சூழ்ந்து நிற்பது நேமி. அயில்வாய் என்பதை இரும்பு விளிம்பு என்று கொள்வேன். ஆகவே டயருக்கு நேமி. நெடும்பயண டயருக்கு ஒரு நல்ல சொல்லை மறந்துவிட்டோம்: செலவு. பயணத்துக்குச் சங்கத் தமிழ் இதைத்தான் சொன்னது. தலைவன் புறப்படத் தயங்கி நிற்பது செலவழுங்கல். எனவே ‘செலவுநேமி’. மைலேஜுக்குத் ‘தேய்வெல்லை’. மூன்றும் ஆட்சியில் உள்ள வேர்கள்.

மலைப்பாதை எழுதியது:

ஐயா, வணக்கம். கோவையில் டயர் கடை வைத்திருக்கிறேன். ‘செலவுநேமி கிடைக்கும்’ என்று பலகை மாட்டினால் ஒருத்தரும் உள்ளே வரமாட்டார். டயர் என்றாலே செலவு என்று ஏற்கெனவே புலம்பிக்கொண்டுதான் வருகிறார்கள்.

கயல் அக்கா, கடைக்கு வருகிறவர் யாரும் டயருக்கு மைலேஜ் கேட்பதில்லை. ‘நல்லா உழைக்குமா?’ என்றுதான் கேட்கிறார். செருப்பு உழைக்கும், செயின் உழைக்கும், டயரும் உழைக்கும். ‘உழைப்பு’ என்றே போடுங்கள்.

சொல்லோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையேட்டில் உழைப்பும் ஹேண்ட்லிங்கும் தனித்தனித் தலைப்பு. ரோட்டில் அவை தனித்தனி இல்லை. நான்குவழிச் சாலையில் நேராகவே ஓட்டினால் பின்டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். ஓரம் புதிதாகவே இருக்கும். பின்டயரைக் குறுக்குவாட்டில் கையால் தடவிப் பாருங்கள். நடுவில் தட்டையாகப் போய், ஓரம் தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு விரலில் இடறும். அந்த டயரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறினால், வண்டி சாயும்போது அந்த விளிம்பைத் தாண்ட வேண்டும். முதலில் சாயமாட்டேன் என்று நிற்கும், அப்புறம் சட்டென்று விழும். பட்டன், அதாவது டயரின் மேல் இருக்கும் வெட்டு, இன்னும் இருக்கிறது, ஆனால் வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. இதற்காகத்தான் நடுவில் கெட்டியான ரப்பர், ஓரத்தில் மென்மையான ரப்பர் என்று இரண்டு வைத்துச் செய்கிறார்கள். நடு உழைக்கும், ஓரம் பிடிக்கும். கையேட்டில் இதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

கயல் எழுதியது:

> கையேட்டில் இதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

‘இருசேர்ம டயர்’.

ரப்பர்க்காரன் எழுதியது:

ஐயோ, வேண்டாம். சேர்மம் வேதியியலில் வேறு. இங்கே ரப்பரோடு கரிப்பொடி, சிலிக்கா, கந்தகம், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசைகிறோம். அது கலவை. ‘இருகலவை டயர்’ என்று எழுதுங்கள். ஈரச் சாலையில் பிடிப்புக் கூடுவதற்குச் சிலிக்கா ஒரு முக்கியக் காரணம். அந்த வரி கையேட்டில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மைலேஜுக்கு யாராவது ‘ஆயுள்’ சேர்த்து ஒரு சொல் கொண்டுவருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: டயருக்கு இரண்டு ஆயுள். ஒன்று தேய்மானத்தில் முடிவது, மற்றது வயதில் முடிவது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடையில் படுத்தே கிடந்தாலும் ரப்பர் இறுகும். பட்டன் முழுசாக இருக்கும், பிடிப்பு இருக்காது. ‘ஆயுள்’ என்றால் படிக்கிறவருக்கு எதைச் சொல்கிறோம் என்று தெரியாது.

போகிற போக்கில் ஒன்று. ஆங்கிலத்தில் டயர் என்ற சொல்லே ‘உடை’ என்ற பொருளுடைய சொல்லின் குறுக்கம் என்கிறார்கள்; சக்கரத்துக்கு உடுத்தியது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்வதற்கு வெகுகாலம் முன்பே இரும்பு டயர் இருந்தது. நம் ஊரிலும்தான். வரட்டி அடுக்கி, இரும்பு வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தின் மேல் சம்மட்டியால் அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியுமாக வளையம் சுருங்கி வட்டையை, அதாவது சக்கரத்தின் மர விளிம்பை, இறுக்கிக்கொள்ளும். அந்த வளையத்துக்குப் பட்டை என்று பெயர். ஐயா சங்க இலக்கியம்வரை போகவேண்டியதில்லை, வண்டிப்பட்டறைவரை போனால் போதும்.

நெல்லையான் எழுதியது:

> ஐயா சங்க இலக்கியம்வரை போகவேண்டியதில்லை

போகாமல் எங்கே போவது, தம்பி? நீங்கள் சொன்ன வட்டைதான் என் நேமி. பட்டை அதன்மேல் ஏறிய கவசம். அப்படியானால் டயருக்கு ‘நேமிப்பட்டை’ என்று கொள்ளத் தடையில்லை. என் கருத்து வலுப்பெறுகிறது.

வடமராட்சியான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையிலை எங்கட பக்கம் ‘ரயர்’ எண்டுதான் எழுதுறது. நெல்லையான் ஐயா டகரத்தைக் குறை சொல்லுறார். ரகரமும் மொழிமுதல் வராதுதான், எண்டாலும் யாரும் ‘இரயர்’ எண்டு எழுத முன்வரேல்லை. மோட்டச்சைக்கிளுக்கு உந்துருளி எண்ட சொல் எங்கட பத்திரிகையளிலை நல்லா ஊன்றிவிட்டது. ஆனபடியால் தூயசொல் நிலைக்காது எண்டு நான் சொல்ல வரேல்லை.

பிரச்சினை ‘உழைப்பு’தான். எங்களுக்கு உழைப்பு எண்டால் வருமானம். ‘மாதம் எவ்வளவு உழைக்கிறாய்?’ எண்டு கேட்பம். ‘இந்த ரயரின் உழைப்பு 15,000’ எண்டு போட்டால் ரயருக்குச் சம்பளம் குடுக்கிறாங்களோ எண்டு சிரிப்பினம். நெடுநாள் பாவிக்கக்கூடிய சாமானை ‘நிண்டு பிடிக்கும்’ எண்டுவம். ‘நின்றுபிடிப்பு’ எண்டு வைக்கலாம்.

மலைப்பாதை எழுதியது:

அண்ணா, ‘நின்றுபிடிப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரோட்டில் ஒட்டுவதற்குப் பிடிப்பு என்கிறோம். கெட்டியான கலவை நின்று பிடிக்கும், மழையில் பிடிக்காது. மென்மையான கலவை மழையில் பிடிக்கும், நின்று பிடிக்காது. அட்டவணையில் பிடிப்பு, நின்றுபிடிப்பு இரண்டும் பக்கத்தில் வந்தால் கடைக்காரனான எனக்கே தலை சுற்றும்.

ஈப்போக்காரர் எழுதியது:

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மரத்துக்கு மலேசியாவில் எங்கள் தோட்டங்களில் பால்மரம் என்று பெயர். சஞ்சிக்கூலிகளாக (ஒப்பந்தக் கூலிகளாக) போனவர்களின் வாயில் வந்த பெயர் அது, எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. கடைக்காரர் பக்கம் என் வாக்கு. இலங்கையில் வேறு பொருள் இருந்தால் இருக்கட்டும். ‘செலவு’க்கும்தான் இரண்டு பொருள்.

கயல் எழுதியது:

ஈப்போ ஐயா, இலங்கை வாசகர்களுக்கும் இதே கையேடுதான் போகிறது. ‘உழைப்பு: 15,000 கி.மீ.’ என்று அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். பேச்சில் ‘உழைக்கும்’ என்னும்போது இருக்கிற உயிர், பெயர்ச்சொல்லாக்கித் தலைப்பில் வைத்தவுடன் போய்விடுகிறது. நாளை சனிக்கிழமை. எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

ரப்பர்க்காரன் எழுதியது:

அந்த 15,000-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக் டயர் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு தனி எண்ணாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் கார் டயர்களுக்குப் பொறிக்கும் தேய்மானத் தரக்குறி பைக் டயர்களுக்குக் கிடையாது. காற்று குறைந்தால் டயர் சூடேறி வேகமாகத் தேயும். பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பெட்டியும் ஏற்றினால் பின்டயர் முதலில் போகும். சுமைக்குறி 62 என்றால் அந்த டயர் 265 கிலோ தாங்கும். அதைப் பார்க்காமல் மூட்டை கட்டுகிறவர்களுக்காகத்தான் மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று ‘பீலிபெய் சாகாடும்’ குறள் எழுதிவைத்திருக்கிறது (ஐயா மகிழ்வார்). சொல் எதுவாக இருந்தாலும் உத்தரவாதம் போல ஒலிக்கக் கூடாது. ‘தேய்வெல்லை’ என்னை உறுத்துவது அதனால்தான். எல்லை என்றால் சட்டம் சொல்லும் எல்லை என்று படிப்பார்கள். இரு சக்கர வண்டிக்கு அது பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டர், கிலோமீட்டரில் இல்லை.

நான் முன்மொழிவது: ‘ஓடுதூரம்’. வெறும் தூரம். எதையும் சத்தியம் செய்யவில்லை.

நெல்லையான் எழுதியது:

தூரம் வடசொல். ‘ஓடுதொலைவு’ என்றால் ஏற்பேன். சொல்லின் அழகைப் பாருங்கள்: தொலைவு என்பது நெடுமை, தொலைதல் என்பது தீர்ந்துபோதல். எவ்வளவு நெடுமை ஓடித் தீர்ந்துபோகிறது என்பதே டயரின் மைலேஜ். ஒரே வேரில் இரண்டும் அடங்குகின்றன. தொல் என்னும் வேரோடு இதைச் சேர்த்தால் பழமை, நெடுமை, அழிவு மூன்றுக்கும் ஒரு தொடர்பு கிடைக்கிறது; அதைத் தனிக் கட்டுரையாக நாளை எழுதுகிறேன்.

மலைப்பாதை எழுதியது:

ஐயா, ‘ஓடுதொலைவு’ எனக்கு ‘ஓடித் தொலை’ என்று திட்டுகிற மாதிரி கேட்கிறது. தூரம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆத்தாவும் தூரம் என்றுதான் சொன்னார்கள், வடமொழி படித்துவிட்டா சொன்னார்கள்?

‘ஓடுதூரம்’ எனக்குச் சம்மதம். இன்னொரு பயனும் உண்டு. விலையை அதனால் வகுத்துக் காட்டலாம். ஒரு பேச்சுக்கு, 4,000 ரூபாய் டயர் 12,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 33 பைசா. 6,500 ரூபாய் டயர் 26,000 ஓடினால் 25 பைசா. விலை கூடியதுதான் மலிவு. ஆனால் இதைச் சொல்லி வருஷத்துக்கு 3,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் தலையில் விலை கூடிய டயரைக் கட்டிவிடக் கூடாது. அவருக்கு 26,000 வர ஒன்பது வருஷம் ஆகும், அதற்குள் ரப்பர் இறுகிவிடும். அவர் ஓடுதூரத்தை விட்டுவிட்டுப் பிடிப்பைப் பார்த்து வாங்குவதுதான் சரி. வருஷா வருஷம் லடாக், பூட்டான் என்று கிளம்புகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

ஓடுதூரம் எங்களுக்கும் விளங்கும். சரி எண்டு வைப்பம். ‘ரயர்’ எழுத்துக்கூட்டலை மட்டும் இலங்கைப் பதிப்பிலை மாத்துவீங்களோ?

கயல் எழுதியது:

ஞாயிறு இரவு பதினொன்றரை. தலைப்பு ‘ஓடுதூரம்’. அடிக்குறிப்பில் ‘டயர் எவ்வளவு உழைக்கும் என்பதன் மதிப்பீடு, காற்று, சுமை, சாலை, ஓட்டும் முறையைப் பொறுத்து மாறும்’ என்று சேர்த்தேன், அங்கே ‘உழைக்கும்’ வினையாகவே நிற்கட்டும். இருகலவை ஏறிவிட்டது. வயதில் இறுகுவதும் நடுவில் தட்டையாவதும் மூலத்தில் இல்லை. கேட்டுவிட்டு ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்க்கிறேன். வடமராட்சி அண்ணா, தனிப் பதிப்புக்குப் பணம் ஒதுக்கவில்லையாம், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

நெல்லையான் எழுதியது:

‘ஓடுதூரம்’ என் இசைவு பெற்ற சொல் அன்று என்பதைப் பதிவுசெய்கிறேன். ‘ஓடுதொலைவு’ பற்றிய என் கட்டுரை செவ்வாய்க்கிழமை வரும். இன்னொன்று: இத்தனை நாளில் ஒருவர்கூடக் ‘கையாளுமை’யைக் கேள்வி கேட்கவில்லை. கையாள்பவர் ஓட்டுநர். அந்தக் குணத்தை டயரின் மேல் எந்த இலக்கணப்படி ஏற்றினீர்கள்? தனி இழை தொடங்குகிறேன்.